தராசில் 0.375 வந்தால் எட்டால் வகுங்கள்

காய்கறிக் கடை மின்னணுத் தராசில் எடை 0.375, 0.625 என்றுதான் வரும். கிலோ 48 ரூபாய் என்றால் இதை எப்படி மனசுக்குள் பெருக்குவது? பெருக்கவே வேண்டாம். தசமத்தைப் பின்னமாக மாற்றிவிடுங்கள்.

0.125 என்பது எட்டில் ஒன்று, பெரியவர்கள் சொல்லும் அரைக்கால். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 0.375 எட்டில் மூன்று, 0.625 எட்டில் ஐந்து, 0.875 எட்டில் ஏழு. 48-ஐ எட்டால் வகுத்தால் 6. அப்புறம் 0.375 கிலோவுக்கு மூவாறு பதினெட்டு ரூபாய், 0.625-க்கு ஐயாறு முப்பது. அவ்வளவுதான்.

எடை இப்படிக் கச்சிதமாக வந்து நிற்காதே என்பீர்கள். சரிதான். 0.385 வந்தால், 18 ரூபாயோடு மிச்சம் 10 கிராமுக்கு உள்ளதைக் கூட்டுங்கள். கிலோ எத்தனை ரூபாயோ, 10 கிராம் அத்தனை பைசா. ஆக 18 ரூபாய் 48 பைசா. விலை எட்டால் சுலபமாக வகுபடவில்லையா? மூன்று முறை பாதியாக்குங்கள்: 70, 35, 17.50, 8.75.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். 75 கிராம் இஞ்சிக்குத் தராசு 0.075 காட்டும். அதை முக்கால் என்று படித்துவிடக் கூடாது. முக்கால் கிலோ 0.750. தாளில் கூட்டும்போதும் இதே கதைதான். 0.5, 0.075 இரண்டையும் வலது ஓரம் ஒட்டி எழுதாமல், புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்து, 0.5-ஐ 0.500 ஆக்கிக் கூட்டுங்கள், 0.575 வரும்.