எந்த எபிசோடிலிருந்து என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: நல்ல தொடர்களைப் பரிந்துரைக்கும் முறை

"நல்ல சீரிஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவரிடம் பத்துப் பெயரை அடுக்கினால் அவர் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு பெயர் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. கூடவே மூன்று தகவல்கள் வேண்டும்: மொத்தம் எத்தனை எபிசோட், எதிலிருந்து தொடங்குவது, எதுவரை பார்த்தும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம். பலர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்டவரும் முதல் எபிசோடில் இருபது நிமிடம் பார்த்துவிட்டு வேறு எதற்கோ போய்விடுகிறார்.

முதலில் கேட்க வேண்டியது "க்ரைம் பிடிக்குமா, காமெடி பிடிக்குமா" என்பதல்ல. கடைசியாக எந்தத் தொடரை முழுசாகப் பார்த்து முடித்தார், எதைப் பாதியில் விட்டார் என்று கேளுங்கள். ஜானரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கொலம்போவும் க்ரைம்தான், தி வயரும் க்ரைம்தான். 1971-இல் தொடராகத் தொடங்கிய கொலம்போவில் கொலைகாரன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய கோட்டோடு வரும் துப்பறிவாளர் அவனை எப்படி மடக்குகிறார் என்பதுதான் சுவாரசியம். ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, எதை வேண்டுமானாலும் முதலில் பார்க்கலாம். தி வயர் அப்படியே எதிர். 2002 முதல் 2008 வரை 5 சீசன், 60 எபிசோட். ஒரு வழக்கு ஒரு சீசன் முழுக்க ஊர்ந்து போகும். ஒன்றை ரசிப்பவரிடம் மற்றதைக் கொடுத்தால் அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

எழுத்து நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? ட்விஸ்டை வைத்து அல்ல. ட்விஸ்ட் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். வசனத்தைச் சொல்பவரின் பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிகிறதா என்று பாருங்கள். முதல் சீசனில் ஒருவர் எடுத்த முடிவுக்கு மூன்றாவது சீசனிலாவது விலை கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். தி வயரின் முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். இரவு, தெருவில் ஒரு பிணம். பக்கத்தில் உட்கார்ந்து டிடெக்டிவ் மக்நல்டி ஒரு சாட்சியிடம் பேச்சுக் கொடுக்கிறார். செத்தவன் வெள்ளிக்கிழமைதோறும் பகடை ஆட்டத்துக்கு வருவான், பணம் சேர்ந்ததும் அள்ளிக்கொண்டு ஓடுவான், இவர்கள் துரத்திப் பிடித்து உதைப்பார்கள். தெரிந்தும் ஏன் ஆட்டத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்கிறார் மக்நல்டி. சேர்த்துத்தானே ஆகணும், இது அமெரிக்கா ஆச்சே என்கிறான் அவன். அந்தக் கொலைக்கும் பின்னால் வரும் பெரிய வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆட்டம் கோணல் என்று தெரிந்தே எல்லாரும் ஆடும் ஊரைப் பற்றித்தான் அடுத்த அறுபது எபிசோடும் பேசப்போகின்றன. அது அங்கேயே, சிரிக்க வைத்தபடி, சொல்லியாகிவிட்டது.

தி வயரைப் பரிந்துரைத்தால் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துக் கொடுங்கள். குறைந்தது நாலு எபிசோட் பொறுமை வேண்டும், சப்டைட்டில் கட்டாயம். அடுத்தது, இரண்டாவது சீசன் திடீரென்று துறைமுகத்துக்குப் போய்விடும், புது முகங்கள் வரும். "வேற சீரிஸ் மாதிரி இருக்கே" என்று பலர் கழன்றுகொள்வது அங்கேதான். ஒவ்வொரு சீசனும் நகரத்தின் ஒவ்வொரு அமைப்பைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய நாலாவது சீசன்வரை வந்துவிட்டவருக்கு உங்கள் உதவி தேவைப்படாது. உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் போலீஸ் டிடெக்டிவாகவும் பிறகு பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அந்த அனுபவம் வசனத்தில் தெரியும்.

சில தொடர்களில் முதல் எபிசோடே தப்பான வாசல். பிளாக் மிரரை 2011-இல் வந்த முதல் எபிசோடிலிருந்து தொடங்கினால், அதில் பிரதமருக்கு வைக்கப்படும் அருவருப்பான நிபந்தனையைக் கேட்டதும் பாதிப் பேர் டிவியை அணைத்துவிடுவார்கள். எல்லாமே தனிக்கதை என்பதால் இரண்டாவது சீசனின் 'பி ரைட் பேக்' அல்லது மூன்றாவது சீசனின் 'சான் ஜுனிபெரோ'விலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அமெரிக்க 'தி ஆஃபீஸ்' முதல் சீசனின் 6 எபிசோடுகளில் பிரிட்டிஷ் மூலத்தின் நிழல் அடிக்கும். இரண்டாவது சீசனிலிருந்து தொடங்கலாம், கதை புரியாமல் போகாது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷ'னுக்கு இரண்டாவது சீசனின் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போதும். ஓர் இயந்திர மனிதன் உடைமையா, உயிரா என்று விசாரிக்கும் நீதிமன்றக் கதை அது. விண்கலச் சண்டை பிடிக்காதவரையும் உட்கார வைக்கும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. விண்வெளித் தொடரான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் உண்மையான தொடக்கம் 2003-இல் வந்த மினி சீரிஸ். பட்டியலில் அது தனியாகக் கிடந்தால் பலர் நேரே சீசன் 1-க்குப் போய், யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியாமல் விழிப்பார்கள். 'ஃபயர்ஃபிளை'யை 2002-இல் ஒளிபரப்பியபோது வரிசையையே குலைத்துவிட்டார்கள். 'செரெனிட்டி' என்ற எபிசோட் முதலில் வந்தால் வரிசை சரி.

நேரமில்லாதவருக்கு 60 எபிசோடை நீட்டாதீர்கள். 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோட், 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. ஒரு சின்னப் பொய்யை மறைக்க அடுத்த பொய், அதை மறைக்க இன்னொன்று என்று அரை மணியில் கட்டும் நேர்த்திக்கு இன்றும் ஈடு குறைவு. ஆனால் ஒரே மூச்சில் நாலைந்து பார்த்தால் அந்தக் கத்தல் அலுத்துவிடும்; நாளுக்கு ஒன்று போதும். 'ஃபிளீபேக்'கும் 12 எபிசோட்தான், வீட்டில் எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். அணு உலை விபத்தைப் பற்றி 2019-இல் வந்த 'செர்னோபில்' 5 எபிசோட். அதில் வரும் பெண் விஞ்ஞானி பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம் என்பதைச் சொல்லிவிடுங்கள், முழுக்க ஆவணப்படம் என்று நம்பிவிடுவார்கள்.

பழைய தொடர்களைக் கொடுக்கும்போது ஒரு விளக்கம் தேவை. அந்தக் காலத்தில் ஒரு வாரம் தவறவிட்டால் தவறவிட்டதுதான், மறு ஒளிபரப்பும் வரிசையாக வரும் என்று நிச்சயமில்லை. அதனால் ஒவ்வொரு எபிசோடும் தானே தொடங்கித் தானே முடிய வேண்டியிருந்தது. 'ட்விலைட் ஸோன்' 1959 முதல் 1964 வரை 156 எபிசோட். அதில் 92-ஐ அதை உருவாக்கிய ராட் செர்லிங் ஒருவரே எழுதினார். 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' ஒன்றை மட்டும் காட்டுங்கள். விளக்கு அணைந்த ஒரு தெரு, அண்டை வீட்டாரின் சந்தேகம், அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாலாவது சீசனில் மட்டும் எபிசோடை ஒரு மணி நேரமாக்கினார்கள், கதைகள் இழுக்கின்றன. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

"கிளைமாக்ஸ்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்பதே ஸ்பாய்லர்தான். கேட்டவர் அதற்குப் பிறகு கதையை விட்டுவிட்டு ட்விஸ்டையே தேடிக்கொண்டிருப்பார். "முதல் சீசனைப் பொறுத்துக்கங்க, அப்புறம் பிச்சு உதறும்" என்பதும் வேலைக்கு ஆகாது. பத்து மணி நேரத்தை யாரும் நம்பிக்கையின் பேரில் கடன் தர மாட்டார்கள். முடிவு சரியில்லாத தொடர் என்றால் மறைக்க வேண்டாம். 'டெட்வுட்' 36 எபிசோடோடு கதை முடியாமலே நின்றுபோனது. 2019-இல்தான் படமாக எடுத்து முடித்தார்கள். தெரிந்து பார்ப்பவர் கோபப்பட மாட்டார்.

கொடுத்தது பிடித்துவிட்டால், அடுத்ததற்கு எழுதியவரின் பெயரைப் பிடித்துப் போங்கள். தி வயர் பிடித்தவருக்கு அதே சைமனின் 'ஜெனரேஷன் கில்', 7 எபிசோட். 'பிரேக்கிங் பேட்' முடித்தவருக்கு அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் 'பெட்டர் கால் சால்'. கதைப்படி அது பிரேக்கிங் பேடுக்கு முந்தைய காலம்தான், ஆனாலும் பின்னால்தான் பார்க்க வேண்டும். காரணம், அதன் முதல் காட்சியே கறுப்பு வெள்ளையில், பிரேக்கிங் பேட் முடிந்த பிறகு நடப்பது.