வளவில் திருப்பூட்டு, எல்லாக் கட்டிலும் டிவி: மல்டிகாஸ்ட் அமைப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ நடந்தால் சடங்கெல்லாம் வளவில், அதாவது உள்முற்றத்தில்தான். கூட்டமோ முகப்பிலிருந்து அடுப்படி வரை நிரம்பியிருக்கும். பின்கட்டில் பந்தியில் இருப்பவர்களுக்குத் திருப்பூட்டு (தாலி கட்டுவது) நடப்பதே தெரியாது. அதனால் கட்டுக்கு நாலு டிவி வைத்து நேரலையாகக் காட்டச் சொல்கிறார்கள். இதை இணையம் வழியாகச் செய்தால் படம் பின்தங்கும், லைனும் தாங்காது. வீட்டுக்குள்ளேயே மல்டிகாஸ்ட் போடுவதுதான் சரியான வழி. பொறுமையாகத் திட்டமிட்டால் முதன்முறை செய்கிறவரும் இதைச் செய்துவிடலாம்.

அடிப்படை இதுதான். 6 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 6 மெகாபிட்) வீடியோவை 12 டிவிக்குத் தனித்தனியாக அனுப்பினால் 72 எம்பிபிஎஸ். வீடியோவை நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டிதான் என்கோடர். பல என்கோடர்களின் நெட்வொர்க் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்பதால், டிவி இன்னும் கூடினால் அது திணறிவிடும். மல்டிகாஸ்டில் என்கோடரிலிருந்து கிளம்புவது ஒரே 6 எம்பிபிஎஸ். சென்னையிலிருந்து ஒரே கட்டாக வரும் நாளிதழை ஊரில் பிரித்து, சந்தா கட்டிய வீட்டுக்கு மட்டும் போடுகிற மாதிரி, கேட்ட போர்ட்டுக்கு (வயர் செருகும் துளைக்கு) மட்டும், எல்லா வயரும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் நகலெடுத்துத் தருகிறது. டிவி பன்னிரண்டானாலும் முப்பதானாலும் என்கோடருக்குச் சுமை ஒன்றே.

படி 1: வீட்டைத் தாளில் வரையுங்கள்

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சாப்பாட்டுக் கூடம், மாடி என்று வரைந்து டிவி, சுவிட்ச், என்கோடர் இடங்களைக் குறியுங்கள். செப்புக் கேபிள் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வீடுகளில் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. எனவே நடுவில் ஒரு சுவிட்ச் வையுங்கள், அல்லது முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஃபைபர் போடுங்கள்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு உரியவை. சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். பூட்டிய அறைக்குள் சுவிட்சை வைக்கும்படி திட்டம் போடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்கவே வேண்டாம். அந்தப் பூச்சு உதிர்ந்தால் அதேபோலத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். உத்திரத்தை ஒட்டியோ நிலைக்கு மேலாகவோ கேபிளைக் கட்டிக் கொண்டுபோங்கள்.

படி 2: முகவரி தேர்ந்தெடுங்கள்

மல்டிகாஸ்டுக்கான ஐபி முகவரிகள் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை. அதில் 239 என்று தொடங்குபவை உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. நாம் 239.10.1.1, போர்ட் எண் 5004 (இது சுவிட்சின் துளை அல்ல, வெறும் எண்) என்று வைத்துக்கொள்வோம்.

முகவரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐபி முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே, சுவிட்ச் பார்க்கும் மேக் முகவரிக்குள் போகிறது. அதனால் 32 குழுக்களுக்கு (மல்டிகாஸ்ட் முகவரிகளுக்கு) ஒரே மேக் முகவரி அமையும். 239.10.1.1, 239.138.1.1 இரண்டும் பல சுவிட்சுகளுக்கு ஒன்றுதான். 239.0.0 அல்லது 239.128.0 என்று தொடங்குபவை இன்னும் மோசம். அவை நெட்வொர்க்கின் உள்வேலைக்கான 224.0.0 வரிசையோடு மோதும், சுவிட்ச் அந்த வரிசையை எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டிவிடும். இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

படி 3: சுவிட்ச்

மேனேஜ்டு சுவிட்ச் (நாமே அமைப்புகளை மாற்றக்கூடியது) கட்டாயம் வேண்டும். சாதா சுவிட்சுக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது. எல்லா வயரிலும் வீடியோவை அனுப்பும், வைஃபை ஆக்சஸ் பாயின்ட் உட்பட. வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 எம்பிபிஎஸ் வரைகூட இறங்கும். அதற்குள் 6 எம்பிபிஎஸ் வீடியோவைத் திணித்தால் விருந்தாளிகளின் போன் எல்லாம் நின்றுவிடும். ஆகவே வீடியோவுக்குத் தனி விலான் (அதே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டு, ஆக்சஸ் பாயின்ட் உள்ள போர்ட்டுகளில் அதைச் சேர்க்காமல் விடுங்கள். டிவிக்கு வயர்தான்.

அப்புறம் அந்த விலானில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஆன் செய்யுங்கள். எந்தப் போர்ட் எந்த ஸ்ட்ரீமைக் கேட்கிறது என்று சுவிட்ச் கவனிப்பதுதான் இது. இதோடு நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம். யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் குவரியரையும் ஆன் செய்ய வேண்டும். பெரிய நெட்வொர்க்கில் மல்டிகாஸ்ட் ரூட்டர் இந்த வேலையைப் பார்க்கும். ரூட்டர் இல்லாத நம் விலானில் ஏதாவது ஒரு சுவிட்ச் பார்க்க வேண்டும். 125 விநாடிக்கு ஒருமுறை "யாருக்கு இன்னும் வேண்டும்?" என்று அது கேட்கும், டிவியோடு மாட்டிய பெட்டிகள் பதில் சொல்லும். கேட்க ஆளில்லை என்றால் பதிலும் வராது. இயல்பான அமைப்பில் 260 விநாடி கழித்து சுவிட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். டிவியில் படம் நன்றாக வந்து, நாலேகால் நிமிடத்தில் உறைந்து, மறுபடி திறந்தால் திரும்ப வந்தால் காரணம் இதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். குவரியருக்கு அந்த விலானில் ஒரு ஐபி முகவரி கொடுக்க மறக்காதீர்கள்.

எல்லாம் ஒரே விலானில் இருந்தால் பிம் போன்ற மல்டிகாஸ்ட் ரூட்டிங் எதுவும் தேவையில்லை. டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற வரம்பு) 1 போதும். விலான் தாண்டும்போதுதான் இரண்டையும் யோசிக்க வேண்டும்.

படி 4: அனுப்புதல், பெறுதல்

முதலில் ஒரு லேப்டாப்பில் சோதியுங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் மீடியா மெனுவில் ஸ்ட்ரீம் என்பதைத் திறந்து, ஏதாவது ஒரு வீடியோவைக் கொடுத்து, ஆர்டிபி எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பதைத் தேர்ந்தெடுத்து, நம் முகவரியையும் போர்ட்டையும் இடுங்கள். இன்னொரு லேப்டாப்பில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் திறந்து, ஆர்டிபி://@239.10.1.1:5004 என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். @ குறி விடுபடக் கூடாது. படம் வரவில்லை என்றால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். அடுத்து, நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஐஜிஎம்பி பாக்கெட் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

இது சரியானால் வீடியோகிராபரின் மிக்ஸரிலிருந்து எச்டிஎம்ஐ வயரை என்கோடருக்குக் கொடுங்கள். எச்.264, 6 எம்பிபிஎஸ், மாறாத பிட்ரேட். கீஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம்) இடைவெளியை ஒரு விநாடியாக வையுங்கள். டிவி நடுவில் வந்து சேரும்போது அடுத்த கீஃபிரேம் வரை கறுப்புத் திரைதான் தெரியும். எல்லா ஸ்மார்ட் டிவியும் இந்த ஸ்ட்ரீமை நேரடியாகத் திறக்காது. ஒவ்வொன்றிலும் வயர் போர்ட் உள்ள ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்றை மாட்டி, விஎல்சி போடுவது நிம்மதி.

படி 5: முந்தின நாள் சோதனை

எல்லா டிவியையும் ஓடவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கும் சோதனையில் குவரியர் கோளாறு தப்பிவிடக் கூடும். பிறகு சுவிட்சின் ஐஜிஎம்பி பட்டியலைத் திறந்து, டிவி உள்ள போர்ட்டுகள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டிவியின் ஆண்ட்ராய்டு பாக்ஸை அணைத்து, அந்தப் போர்ட் பட்டியலிலிருந்து போகிறதா என்றும் பாருங்கள்.

ஒலியையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். என்கோடர் வழியாக வரும் ஒலி நேரில் கேட்பதைவிட ஒரு விநாடியோ அதற்கு மேலோ பின்தங்கும். நாதஸ்வரம் நேரடியாகக் காதில் விழும் முகப்பிலும் இரண்டாம் கட்டிலும் டிவி ஒலியை அணைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்திலும் மாடியிலும் மட்டும் வையுங்கள்.