காற்றுச் சுத்திகரிப்பு ஆக்கவுரிமைப் பிணக்குகள்: கடிதம் வந்ததும் நேரும் தவறுகள்

தொழிற்சாலையின் புகைபோக்கியில் பொருத்திய சுத்திகரிப்புத் தொகுதி மற்றொருவரின் ஆக்கவுரிமையை (patent) மீறுகிறது என்று கொழும்புச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து கடிதம் வந்ததும், பலர் அந்த ஆக்கவுரிமையின் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துவிட்டுப் பதறுகிறார்கள். பாதுகாப்பின் எல்லையை வகுப்பவை அவையல்ல, எது தமக்கே உரியது என்று உரிமையாளர் வரையறுத்துக் கூறும், ஆவணத்தின் இறுதிப் பகுதியிலுள்ள உரிமைக்கோரல்களே.

பெயின்ட் கரைப்பானான தொலுயீனின் ஆவி கலந்த காற்றை, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தாலான சுழலும் உருளையின் ஊடாகச் செலுத்தி ஆவியைப் படியச் செய்வது, சூடான காற்றைச் சிறிதளவே செலுத்தி அதை விடுவித்துச் செறிவாக்குவது, பின்னர் எரிப்பது என மூன்று படிகளை ஓர் உரிமைக்கோரல் கூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரத்மலானையிலுள்ள பெயின்ட் ஆலையொன்று அசையாத காபன் படுகையில் ஆவியைப் பிடித்து, நிரம்பிய காபனை அகற்றிவிடுமானால், இரண்டு முறைகளும் ஒரே மாசை நீக்குகின்றன என்பதற்காக மீறல் நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அந்தப் படுகையையும் சூடான காற்றால் மீட்டு, வெளிவரும் ஆவியை எரிக்கத் தொடங்கினால்தான் வாதம் சிக்கலாகும்.

ஆக்கவுரிமையாளர் தரப்பின் தவறு வேறு வகையானது. புகைபோக்கிப் பரிசோதனை அறிக்கை தொலுயீன் குறைந்ததைக் காட்டுமே தவிர, எப்படிக் குறைந்தது என்பதைக் காட்டாது. வெப்பநிலைப் பதிவுகளும் குழாய் வரைபடங்களும் இல்லாமல் செய்முறை மீறலை நிறுவுவது கடினம்.

அமெரிக்காவிலோ இந்தியாவிலோ பெற்ற ஆக்கவுரிமை இலங்கையில் தானாகச் செல்லுபடியாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாதுகாப்புக் காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள் என்பதால், இங்கு பதிவு உண்டா, ஆண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டு வருகிறதா என்பதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முதலில் பார்க்க வேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கையிலிருப்பது இங்கே கேடயமாகாது. அது மாசின் அளவைப் பற்றியது.

புதிதாகக் கண்டுபிடிப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் இயந்திரத்தை இயக்கிக் காட்டிவிடுகிறார்கள்; அதனாலேயே கண்டுபிடிப்பு புதியதல்ல என்றாகிவிடலாம். விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரே வெளியிட்டதை இலங்கைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் அத்தகைய பொதுச் சலுகை கிடையாது.

கடிதத்துக்கு அவசரமாகப் பதில் எழுதுவதை நான் மிக ஆபத்தானதாகக் கருதுகிறேன். "உங்கள் முறையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்துகிறோம்" என்ற ஒரு வரி, பிற்பாடு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் முதல் சான்றாக வைக்கப்படலாம். அதே முறை விண்ணப்பத் திகதிக்கு முன்னரே வெளியாகியிருந்ததா என்று தேடி, ஆக்கவுரிமையையே வறிதாக்கக் கோர இடமுண்டா என்று ஆராய்ந்த பின்பே பதில் எழுத வேண்டும்.