மழை வருமா என்று பார்க்க வருகிறவரின் வீட்டு வாசல் நமக்கு எதற்கு?

சர்வர் மெதுவாக ஓடுகிறதே என்று ஒருநாள் என் வானிலைத் தளத்தின் லாக் ஃபைலை, அதாவது யார் எப்போது என்ன கேட்டார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். ஒரே குக்கி எண் (ஒரு பிரவுசரை அடையாளம் காண அதில் தளம் வைக்கும் குறிப்பு) தினமும் காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஓரிடத்திலிருந்து மழை வாய்ப்பைப் பார்த்திருந்தது. பகலில் வேறோர் இடம். இரவு பழையபடி முதல் இடம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் ஆறு தசம இடம் வரை பதிவாகியிருந்தன. அவர் யாரென்று கேட்காமலேயே, எந்த வீட்டில் தூங்குகிறார், எந்நேரம் அந்த வீட்டில் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த விவரமெல்லாம் என்னிடம் சேராதபடி தளத்தை மாற்றும் வேலையை அன்றிரவே தொடங்கினேன். இப்படித் தளம் நடத்துகிற நீங்களும் செய்யலாம்.

முதலில் கைவைக்க வேண்டியது அந்தத் தசம இடங்களில்தான். நான்கு இடம் என்றால் சுமார் 11 மீட்டர். இரண்டு இடம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலைக் கணிப்பு முறை கணிப்பைத் தருவதே கால் டிகிரிக் கட்டங்களில்தான், அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டருக்கு ஒன்று. அதற்கு வாசற்படி வரை சொல்லி என்ன பயன்? நார்வே வானிலை நிறுவனத்தின் ஏபிஐ (பிற தளங்கள் கணிப்பைக் கேட்டு வாங்கும் வழி), ஐந்து தசம இடம் அனுப்பினாலே 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே பிரவுசரிலேயே எண்ணை நூறால் பெருக்கி, ரவுண்ட் செய்து, நூறால் வகுத்து அனுப்புங்கள். சர்வருக்கு வந்தபின் ரவுண்ட் செய்தால் லாகில் முழு எண் ஏற்கெனவே விழுந்திருக்கும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரே வீடுதான் இருக்கலாம். அதனால் நான் நூறுக்குப் பதில் பத்தை வைத்து, ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே எண்ணைக் கேட்பதால் கேஷ் (ஒருமுறை வாங்கிய விடையைச் சேமித்துவைத்துத் திரும்பத் தருவது) நன்றாக வேலை செய்யும், தளமும் வேகமாகும்.

பக்கம் திறந்ததுமே இருப்பிட அனுமதி கேட்காதீர்கள். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டி முன்னால் இருக்கட்டும்; 'என் இடம்' பொத்தானை அவராக அழுத்தினால் மட்டும் கேளுங்கள். பிடித்த ஊரைக் குக்கியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் சர்வருக்கு வந்துகொண்டே இருக்கும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற சேமிப்பிடத்தில் வைத்தால் அவர் போனோடு நிற்கும்.

அப்புறம் லாக். வருகையாளரின் இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியும் அதில் பதிவாகும்; அது ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு வகை. ஐபிவி4 முகவரியின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்குங்கள், ஐபிவி6-இல் முதல் 48 பிட் போதும். யூஆர்எல்லில் (பக்க முகவரியில்) கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைப் பதியவே வேண்டாம்; இடத்தின் எண்கள் அங்கே இருக்கலாம். ஏழு நாளில் பழைய ஃபைல் தானாக அழியட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது மேப். அது சின்னச் சின்னச் சதுரப் படங்களாக வருகிறது. ஒவ்வொன்றையும் வருகையாளரின் பிரவுசரே வேறொரு சர்வரிடம் நேராகக் கேட்கிறது. எந்தத் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தார் என்பது அவருடைய ஐபி முகவரியோடு அங்கே போய்ச் சேரும். நான் மேப் இருக்கும் இடத்தில் ஒரு சாதாரணப் படத்தை வைத்து, தொட்டால் மட்டும் மேப் வரும்படி செய்தேன். ஜூம் 10-க்கு மேல் போகாது. மழை மேகத்தைப் பார்க்க அதுவே தாராளம். எழுத்துருவையும் சொந்த சர்வரிலேயே வைத்துவிடுங்கள்: கூகுள் ஃபான்ட்ஸ் வழியாக ஐபி முகவரி போனதற்காக 2022-இல் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளம் 100 யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கணிப்பையும் உங்கள் சர்வரே வாங்கித் தரட்டும், பிரவுசர் நேராகப் போக வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், பக்கம் எந்தெந்த சர்வரிடம் கேட்கிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து உங்கள் தளத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். எத்தனை டொமைன் பெயர்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். என் தளத்தில் முதலில் பதினொன்று இருந்தது. இப்போது மேப்பைத் தொடும்வரை என்னுடையது ஒன்றுதான்.