பிரித்தானியாவில் கூரியர் காப்புறுதி: கொட்டேஷன் எடுக்கும்போது விடும் தவறுகள்

பார்சல் டெலிவரிக்குப் புதிதாக இறங்குபவர்கள் முதலில் திறப்பது விலை ஒப்பிடும் தளத்தை. வானின் இலக்கத்தைப் போட்டு, பட்டியலில் மேலே நிற்கும் மிகக் குறைந்த தொகையை எடுத்துவிடுகிறார்கள். பிறந்த திகதியைச் சரியாகப் போடுங்கள், பழைய விபத்தை மறைக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். பணத்தையும் லைசன்ஸையும் சேர்த்துப் பறிக்கும் தவறுகள் வேறு.

விலை குறைவதற்காகப் பயன்பாட்டு வகையை மாற்றுவது

எத்தனை பேர் அகப்பட்டாலும் இந்தத் தவறு நிற்பதாக இல்லை. அதனால் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாகனத்தை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று படிவம் கேட்கும். சொந்தத் தேவை, வேலைக்குப் போய்வருவது, ‘பிஸ்னஸ் யூஸ்’, கூரியர் எனப் பல படிகள் உண்டு. டெலிவரியும் பிஸ்னஸ்தானே என்று பலர் மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள். அது வேலை நிமித்தம் வெவ்வேறு இடங்களுக்குப் போய்வருபவருக்கானது. குழாய் வேலை செய்பவர் தன் கருவிகளைத் தன் வானில் கொண்டுபோவது சொந்தச் சரக்கு. காசு வாங்கிக்கொண்டு பிறர் பொருளை ஏற்றினால் அது ‘ஹயர் ஓர் ரிவார்ட்’. அதிலும் ஒரே நாளில் பல முகவரிகளுக்குப் போவது கூரியர், ஒரு சுமையை ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவது ஹோலேஜ். சூடான சாப்பாட்டு டெலிவரியைப் பல கூரியர் பொலிசிகளே விலக்கி வைத்திருக்கின்றன.

கூரியர் என்று தெரிவு செய்ததும் தொகை ஏறும். நாள் முழுக்க நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வான், பழக்கமில்லாத தெருக்கள், பின்பக்கமாக எடுக்க வேண்டிய ஒடுங்கிய ஒழுங்கைகள், நேர நெருக்கடி என அதற்குக் காரணம் உண்டு. தொகையைக் கண்டதும் திரும்பிப் போய், வேலைக்குப் போய்வரும் வகைக்கு மாற்றிவிடுகிறார்கள். தொகை இறங்குகிறது. தளம் தடுப்பதில்லை. பணம் கட்டியதும் சான்றிதழும் வந்துவிடுகிறது. மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் தரவுத்தளத்தில் உங்கள் வானைத் தேடினால் காப்புறுதி இருக்கிறது என்றே காட்டும். அந்தப் பதில் கூரியர் வேலைக்குப் பொருந்துமா என்பதற்கான பதில் அல்ல.

பொலிஸ் மறிக்கும் நாளில்தான் இது வெளியே வரும். பின்கதவைத் திறந்தால் பார்சல், முன்னால் ஸ்கேனர். காப்புறுதி நிறுவனத்துக்கு ஓர் அழைப்பு போதும். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றம் வந்து நிற்கும். வீதியிலேயே தீர்ந்தால் 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். நீதிமன்றம் போனால் தண்டத்துக்கு உச்சவரம்பு இல்லை, ஓட்டவும் தடை விழலாம். வானைப் பொலிஸ் பறிமுதல் செய்யலாம். அதை மீட்கப் பொருத்தமான பொலிசி காட்ட வேண்டும், இழுத்துச் சென்ற செலவும் நாள் வாடகையும் கட்ட வேண்டும். டெஸ்ட் பாஸ் பண்ணி இரண்டு வருடம் ஆகாதவர் என்றால் அந்த 6 புள்ளிகளே லைசன்ஸை ரத்தாக்கிவிடும். தியரியும் பிரக்டிக்கலும் மறுபடி எழுதி ஓட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதைக் காட்டும் ‘ஐஎன்10’ குறியீடு 4 வருடம் லைசன்ஸில் இருக்கும். மிச்சம் பிடித்த காசு அடுத்த புதுப்பித்தலிலேயே போய்விடும்.

விபத்து என்றால் இன்னும் மோசம். மறுபக்கத்தவருக்குக் கொடுத்த இழப்பீட்டை நிறுவனம் உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். உங்கள் வானுக்கு எதுவும் வராது.

ஆகவே பணம் கட்டுமுன், சான்றிதழில் ‘லிமிட்டேஷன்ஸ் அஸ் டு யூஸ்’ (பயன்பாட்டு வரையறை) என்ற பகுதியில் என்ன எழுதுவார்கள் என்று கேளுங்கள். பொருள் ஏற்றுவது ‘ஹயர் ஓர் ரிவார்ட்’ உட்பட அனுமதி என்று அங்கே இருக்க வேண்டும். அதே சொற்கள் ‘எக்ஸ்குளூடிங்’ (நீங்கலாக) என்பதற்குப் பின்னால் வந்தால், அந்தக் கொட்டேஷனை ஒப்பீட்டிலேயே சேர்க்காதீர்கள். டெலிவரி நேரத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாங்கும் டொப்-அப் பொலிசியும் அடிப்படைப் பொலிசியின் மேல்தான் நிற்கும். டெலிவரிக்கு ஓட்ட அடிப்படை நிறுவனம் சம்மதிக்கிறதா என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வட்ஸ்அப்பில் காப்புறுதி ‘செய்து தருபவரிடம்’ போவது

இவர்களை ‘கோஸ்ட் புரோக்கர்’, அதாவது போலித் தரகர், என்பார்கள். ஏமாற்றும் வழி மூன்று. முழுப் போலிச் சான்றிதழ் அடித்துத் தருவது ஒன்று. உண்மையான பொலிசியைப் பொய் முகவரி, பொய்த் தொழில், கூடிய வயது போட்டு எடுத்துவிட்டு, உங்களுக்குத் திருத்திய பி.டி.எஃப். அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, பொலிசி எடுத்து 14 நாள் கால அவகாசத்துக்குள் ரத்துச் செய்து, திரும்பி வரும் பணத்தைத் தானே வைத்துக்கொள்வது. தமிழில் பேசுகிறார், டிப்போவில் நாலு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது.

நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டில் நிறுவனத்தின் பதிவு இலக்கத்தைத் தேடுங்கள். பெயர் இருக்கிறது என்று அதோடு நின்றுவிடக் கூடாது, உண்மை நிறுவனத்தின் பெயரை அப்படியே பாவிக்கும் மோசடிகள் உண்டு. பதிவேட்டில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள், அவர் அனுப்பிய இலக்கத்துக்கு வேண்டாம். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். பொலிசியில் உங்கள் மின்னஞ்சல்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்துக் கடிதம் அவருக்குத்தான் போகும்.

சான்றிதழ் வந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கே அழைத்து நான்கு விடயங்களை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்: பெயரும் பிறந்த திகதியும், வான் இரவில் நிற்கும் போஸ்ட்கோட், தொழில், பயன்பாட்டு வகை. மூன்று வாரம் கழித்துத் தரவுத்தளத்தில் மறுபடி பாருங்கள்.

எக்ஸெஸைப் பார்க்காமல் ஒப்பிடுவது

கோரிக்கை வைக்கும்போது உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்குதான் எக்ஸெஸ். உதாரணமாக, 2,400 பவுணுக்கு 250 எக்ஸெஸ், 2,150 பவுணுக்கு 1,000 எக்ஸெஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோரிக்கையிலேயே இரண்டாவது 500 பவுண் நட்டம். கட்டாய எக்ஸெஸையும் நீங்களாகச் சேர்த்ததையும் கூட்டுங்கள். வருட மைல் கணக்கும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கார் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம்ஸ் போனஸை (கோரிக்கை வைக்காத வருடங்களுக்கான கழிவை) எல்லா வான் பொலிசியும் ஏற்காது, முன்கூட்டியே கேளுங்கள்.

வான் பொலிசி பார்சலையும் காக்கும் என்று நம்புவது

காக்காது. அதற்கு ‘குட்ஸ் இன் ட்ரான்சிட்’ தனியாக வேண்டும். ஒரு வாகனத்துக்கு எவ்வளவு, ஒரு பொருளுக்கு எவ்வளவு என்ற இரண்டு வரம்புகளையும் பாருங்கள். இரவில் வானில் விட்ட பொருள், பூட்டாத வான், நகை, போன், சிகரெட் ஆகியவை அடிக்கடி விலக்கப்படுபவை. சாவியை வண்டியிலேயே விட்டுக் கதவடிக்குப் போன நேரம் வான் களவு போனால், வான் பொலிசியும் கைவிடக்கூடும்.

மாதத் தவணை

அது கடன். 12 மாத மொத்தத்தை ஒப்பிடுங்கள், ரத்துக் கட்டணத்தையும் கேளுங்கள்.

அப்பாவைப் பிரதான ஓட்டுநராகப் போடுவது

மோசடி. செய்யாதீர்கள்.

கோஸ்ட் புரோக்கரிடம் ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்

வானை எடுக்காதீர்கள், ஒரே ஒரு ரவுண்டுக்கும்கூட. சரியான பொலிசியை எடுத்த பிறகுதான் வேலை. பணம் அனுப்பிய உங்கள் வங்கிக்கு அன்றே அறிவியுங்கள், காப்புறுதி மோசடிகளைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் ஃப்ராட் பீரோவிடம் முறையிடுங்கள். அவருடன் நடந்த செய்திப் பரிமாற்றத்தை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். பொலிஸ் கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அதுதான்.