ஏரியில் மருந்தடிக்கும் முன்: குடியிருப்போர் சங்கங்கள் செய்யும் தவறுகள்

சென்னைப் புறநகரில் வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஏரி ஒன்றை ஆகாயத்தாமரை மூடிவிட்டால், குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், “களைக்கொல்லி அடிச்சா பத்து நாள்ல போயிடும் சார்” என்று போட்டுவிடுவார். பத்து நாளில் இலை பழுப்பது உண்மைதான். ஆனால் செடி எங்கேயும் போவதில்லை, அதே தண்ணீருக்குள்தான் மூழ்குகிறது. பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது.

அடர்ந்து வளர்ந்த ஆகாயத்தாமரை ஹெக்டேருக்கு 200 டன்னைத் தாண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும், மீதி அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்த ஆக்சிஜனும் வெயில் காலத்தில் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் ஒளிச்சேர்க்கை நின்று, எல்லா உயிர்களும் மூச்சு மட்டும் விடுவதால், விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதுதான். அடுத்த நாள் கரையெல்லாம் செத்த ஜிலேபி கெண்டை. பழி மருந்தின் விஷத்தின் மேல் விழும், கொன்றதோ பெரும்பாலும் மூச்சுமுட்டல். அதனால் மே மாதத்தில் ஏரி முழுக்க ஒரே வீச்சில் அடிக்கவே கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு அடித்து, இரண்டு வாரமாவது விட்டு அடுத்த பங்குக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், ஏரி முழுக்க மூடியிருக்கும்போது மருந்துப் பேச்சையே எடுக்கக் கூடாது. முதலில் இயந்திரமோ ஆட்களோ வைத்து வாரி வெளியே போடட்டும். ஓரத்தில், எட்டாத இடத்தில் மிச்சம் இருப்பதற்கு மருந்தா என்று அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்தது, பார்க்கச் சின்னதாகத் தெரியும் ஒரு விஷயம்: ஸ்பிரேயர் டேங்கில் ஊற்றும் தண்ணீர். பக்கத்தில் ஏரி இருக்கிறதே என்று கலங்கல் தண்ணீரையே மொண்டு ஊற்றுவார்கள். பரவலாகப் பயன்படும் களைக்கொல்லியான கிளைபோசேட் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரிலும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். செடி சாகவில்லையே என்று மறுபடியும் இரண்டு மடங்கு கலந்து அடிப்பார்கள். தெளிந்த, உப்பில்லாத தண்ணீர் இருந்தால் அந்த இரண்டாம் சுற்றே தேவைப்படாது. அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தாலும் இதே கதைதான்.

எந்தக் களைக்கு எந்த மருந்து என்று பார்க்காததும் பழக்கமாகிவிட்டது. கிளைபோசேட் தண்ணீருக்கு மேலே நிற்கும் இலை வழியாகத்தான் உள்ளே போகும். சம்பு, ஆகாயத்தாமரை சரி. நீருக்குள் கிடக்கும் வேலம்பாசிக்கு அதை ஊற்றுவது வீண். அதோடு, நிலத்துக்கென்று விற்கும் சில கலவைகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள், தவளைக் குஞ்சுகளுக்கும் மீன்களுக்கும் கிளைபோசேட்டைவிடக் கொடியது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியின் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போய் மாடித்தோட்டத்துத் தக்காளி இலையைச் சுருட்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பக்கமே போகாதீர்கள், அது உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) பாசியைக் கொல்லும், ஆனால் தாமிரம் சேற்றில் தங்கிவிடும். உப்பு, வினிகர், சோப்புக் கரைசல் எல்லாம் ஏரிக்கு வைத்தியமே இல்லை.

இன்னொன்று, ஏரி சங்கத்துக்குச் சொந்தமில்லை. நீர்வளத்துறையோ உள்ளாட்சியோ அனுமதி தராமல் ஒரு பாட்டில்கூடத் திறக்கக் கூடாது. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலர் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. தோட்டக்காரரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வது அதற்கு நேர் எதிர். ஊற்றியது அங்கேயே நிற்கவும் நிற்காது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போகிறது. 2022-இல் ராம்சார் தளமான, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

ஒரே மருந்தையே வருஷா வருஷம் அடிப்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. நம் வேலம்பாசி 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கே புளுரிடோன் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள். அந்த மருந்துக்கு அசையாத வேலம்பாசி பல ஏரிகளில் தலைதூக்கியது.

பச்சையாக இருப்பதெல்லாம் களை என்று மொத்தமாக வழிப்பதும் ஆபத்து. நீர்ச்செடியே இல்லாத ஏரியில் சத்து முழுவதும் நுண்பாசிக்குப் போய், தண்ணீர் பச்சைக் குழம்பாகும். தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் மறைவிடம் போய்விடும். ஓரத்தில் கொஞ்சம் கோரை, கொஞ்சம் அல்லி இருக்கட்டும்.

இத்தனைக்கும் மூலம் கழிவுநீர். வீட்டுக் குழாய் மழைநீர் வடிகால் வழியாக ஏரியில் இறங்கும்வரை நைட்ரஜனும் பாஸ்பரசும் இலவசமாகக் கிடைக்கும், செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். சங்கம் மருந்துக்கு வசூலிக்கும் பணத்தில் முதலில் எந்தெந்த வீட்டு இணைப்பு ஏரிக்குள் போகிறது என்று பட்டியல் எடுத்து மனு கொடுக்கலாம்.

சுத்தம் செய்த பிறகும் விட்டுவிடக் கூடாது. ஆகாயத்தாமரை விதை சேற்றுக்குள் 15, 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். நீர் வற்றி, முதல் மழை பெய்ததும் கரையோரச் சேற்றில் முளைவிடும். அப்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். பிடுங்கியதை உள்பக்கச் சரிவில் போடாமல் கரைக்கு அந்தப் பக்கம் உலர வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறியதும் அது மறுபடி மிதக்கும்.