செவலைக்கு வளவில் நடந்த பாடம்

எங்கள் நாய் செவலை உட்கார அடம்பிடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எவ்வளவு வழுவழுப்பு என்று. நான் இடுப்பைப் பிடித்து அழுத்தியதும் அதன் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயின. நாலு நாள் வளவுப் பக்கமே, அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் கூடத்துப் பக்கமே, அது எட்டிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது.

அதனால் முதலில் ஒரு சாக்கை விரியுங்கள். நீண்ட நகம் இருந்தால் வெட்டிவிடுங்கள், அதுவும் வழுக்கும்.

தீனிக்கு வேகவைத்த கோழி ஈரல், கடலைப்பருப்பு அளவுத் துண்டுகளாக. குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக்கூடக் கொடுக்காதீர்கள். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டுமே நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்.

தீனியை மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். மூக்கு உயர, இடுப்பு தானாக இறங்கும். சாக்கைத் தொட்ட அந்த நொடியில் ‘சபாஷ்’, அப்புறம் தீனி. கொஞ்சம் தாமதித்தாலும் எழுந்ததற்குச் சபாஷ் சொன்னதாக ஆகிவிடும். இப்படிப் பல தடவை உட்கார்ந்த பிறகுதான் ‘உக்காரு’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரே தடவை. எங்கள் வீட்டில் அப்பத்தா ‘செத்த உக்காரு ஆத்தா’ என்பார், பையன் ‘சிட்’ என்பான். பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்? இப்போது எல்லோருக்கும் ஒரே சொல்.

உட்காரவும் சொன்ன இடத்திலேயே இருக்கவும் பழகிவிட்டால் ‘ராலி’ என்ற நாய்ப் போட்டிக்கான பயிற்சிக்குப் போகலாம். வழியில் வரிசையாக அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ளதைச் செய்துவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும். அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற நாய்ச் சங்கம் 2005 முதல் இதற்குப் பட்டம் தருகிறது. போகும் வழியெல்லாம் நாயோடு பேசலாம், தட்டிக்கொடுப்பது போல ‘நல்லா வர்றே’ என்று சொல்லலாம். அதற்காகவே எனக்கு இது பிடித்துப்போனது.

தினசரிக் காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் ‘நின்று உட்கார்’, ‘மெதுவாக நட’, ‘தூணைச் சுற்று’ என்று எழுதி வளவுத் தூண்களில் சாய்த்து வைத்தேன். நாய் எப்போதும் நமக்கு இடது பக்கம். தூண் நமக்கு வலப்பக்கம் இருக்கும்படி சுற்றினால் நாய்க்கு வெளிவட்டம். அது எட்டி நடக்க வேண்டும், நாம் உற்சாகமாகக் கூப்பிட வேண்டும். இடப்பக்கம் இருந்தால் நாய் உள்வட்டத்தில். செவலை அங்கேதான் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. திரும்புவதற்கு இரண்டு அடி முன்னாலேயே நான் நடையைக் குறைத்து, தீனி இருந்த இடது கையைத் தொடையோடு ஒட்டிச் சற்றுப் பின்னால் வைத்தேன். அன்றிலிருந்து இடிக்கவில்லை.

காலையில் முற்றத்தில் வெயில் இறங்குவதற்குள் ஐந்து நிமிடம், பொழுது சாய்ந்ததும் ஐந்து நிமிடம். கொட்டாவி விட்டாலோ தரையை மோந்துகொண்டே நின்றாலோ அன்றைக்குப் போதும்.

சாக்கை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். சில நாளைக்கு ஒருமுறை பாதியாக மடித்துக்கொண்டே வாருங்கள். எங்கள் சாக்கு இப்போது ஒரு முழம்தான் இருக்கிறது. செவலை பின்னங்கால்களை உள்ளே இழுத்து, அதில் சரியாக இடுப்பை வைத்து உட்காருகிறது. முன்னங்கால்கள் இரண்டும் கல்லில்.